பல்லக்காவின் மேசை

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் கடைசியாக வந்து உட்காரும் இடம் அவளுடைய மேசை. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கிற அந்த ஆபீசில் கொண்டாட்டமெல்லாம் முன்னறையோடு சரி. அங்கே கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் நிறையப் பனிமலைப் படங்கள், டை கட்டிய இளைஞர்கள். விசா கிடைத்த பிள்ளையை மேனேஜர் கூப்பிட்டு, அட்டையில் செய்த பெரிய விமானத்தின் ஜன்னலுக்குள் தலையை நீட்டச் சொல்லிப் படம் எடுப்பார். கைதட்டல் ஓய்ந்ததும், "அப்படியே பின்னாடி போய் அக்காவப் பாத்துடுங்க" என்பார். பின்னாடி என்றால் ஜெராக்ஸ் மெஷினையும் தண்ணீர்க் கேனையும் தாண்டி, கழிப்பறைக்குப் போகிற வழியில், ஜன்னலில்லாத ஓர் ஒடுக்கம். சிரித்தபடி வருகிற குடும்பம் அவளுக்கு எதிரே உட்கார்ந்ததும் சிரிப்பை மடித்து உள்ளே வைத்துக்கொள்ளும்.

அவள் கேட்கிற முதல் கேள்வி அப்படி.

"பல்லு பாத்தாச்சா?"

"பல்லா? பல்லு நல்லாத்தானே இருக்கு."

"வலிக்கிற வரைக்கும் எல்லார் பல்லும் நல்லாத்தான் இருக்கும். அங்க போய் வலிச்சா இன்சூரன்ஸ்ல வராது. இங்கயே சொத்தை கித்தை இருந்தா அடைச்சுட்டு வாங்க. அப்புறம் மத்ததப் பேசுவோம்."

இதனால் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் பல்லக்கா. அவளுக்குத் தெரியாமல் வைத்து, தெரிந்தே கூப்பிட ஆரம்பித்து, கடைசியில் மேனேஜரே அப்படித்தான் அழைத்தார். அவள் கணவருக்கு இது காதில் விழ நாளாயிற்று. விழுந்ததும், "சரிதான், ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பல்லக்குல ஏத்தி அனுப்புறவ" என்று தன் நகைச்சுவைக்குத் தானே ஒரு வாரம் சிரித்தார்.

பல்லுக்கு அப்புறம் கண். கண்ணாடி போடுகிற பிள்ளை இரண்டு கண்ணாடியும் பவர் எழுதிய சீட்டும் எடுத்துப் போக வேண்டும். பிறகு ஊசி. எந்த நாட்டுக்கு எந்தத் தடுப்பூசி, எதற்கு எத்தனை நாள் இடைவெளி, சின்ன வயதில் போட்டதற்குச் சான்று தொலைந்திருந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஊசியென்றால் மயங்கி விழுகிற பிள்ளைகளோடு மருத்துவமனைக்கே போய் நிற்பாள். எல்லாவற்றுக்கும் கடைசியில் இன்சூரன்ஸ். எதற்குப் பணம் தருவார்கள், எதற்குத் தரமாட்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவாள். ஒரு வரி வரும்போது மட்டும் குரல் தானாகத் தணியும். பிள்ளைக்கு அங்கே ஏதாவது ஆகிவிட்டால் உடலைக் கொண்டுவந்து சேர்க்கிற செலவு பற்றிய வரி அது. அதைக் கேட்டதும் அம்மாக்கள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்கள். ஓர் அப்பா, "நல்ல காரியமாக் கெளம்பும்போது வாயில வேற நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். வேறு யாராவதாக இருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பார்கள். அவளால் முடியாது.

அதற்குக் காரணம் இருந்தது. இந்த வேலைக்கு வருமுன் ஒரு பெரிய மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடித் தடுப்பில் வட்டமாக ஓர் ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் தூங்காத முகங்கள் வந்து குனியும். "இது முன்னாடியே இருந்த நோய். நீங்க சொல்லல. அதனால கம்பெனி தராதுங்க" என்பதை அந்த ஓட்டை வழியாக வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் அவளுக்குச் சோறு இறங்காமல் போயிற்று. மறுப்பது யாரோ, கேட்கிற வசவு அவளுக்கு. முன்னாலேயே சொல்லிவைக்கிற இடத்தில் வேலை கிடைத்தால் போதும் என்றுதான் இங்கே வந்தாள்.

வீட்டில் அவளும் கணவரும் மட்டும். அவர் அச்சகத்தில் மெஷின்மேன். மெஷின் சத்தம் அவருடைய காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. காதுக் கருவி வாங்கிக் கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டால் தான் மெல்லுகிற சத்தமே இடிபோலக் கேட்கிறதென்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். உப்பு தீர்ந்துவிட்டது என்பதைக்கூட வீட்டில் கூவித்தான் சொல்ல வேண்டும். அவருக்குக் கேட்கிறதோ இல்லையோ, பக்கத்து வீட்டம்மா கிண்ணத்தில் உப்போடு வந்து நிற்பாள். ஆகவே ரகசியம் எதையும் வீட்டுக்கு எடுத்துப் போகிற வழக்கம் அவளுக்கு இல்லை. ஆபீசில் சேர்கிறதை நெஞ்சிலேயே வைத்துக்கொள்வாள்.

நெட்டையன் வந்தது ஒரு கோடைக்காலத்தில். அவனை அவள் மனதுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். ஒடுக்கத்துக்குள் நுழையும்போதே தலையைக் குனிந்துகொண்டு வந்தான். முன்னால் அவன் அப்பா, பெயின்ட் கடைக்காரர், நகக்கண்ணில் நீலச் சாயம் படிந்த மனிதர். பின்னால் அம்மா. அட்டை விமானத்தில் எடுத்த படத்தை அப்பா அதற்குள் யார் யாருக்கோ அனுப்பிவிட்டிருந்தார். போன் விடாமல் கூவிக்கொண்டிருந்தது.

பல், கண், ஊசி எல்லாம் முடிந்து அவள் கேட்டாள்.

"தம்பி, தொடர்ந்து சாப்பிடுற மாத்திரை ஏதாவது உண்டா?"

"ஒண்ணும் கெடையாது மேடம்" என்றார் அப்பா. "இரும்பு மாதிரி பையன்."

நெட்டையன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தான். உட்கார்ந்ததிலிருந்து குடித்துக்கொண்டேதான் இருந்தான். பாட்டிலைப் பிடித்த விரல்களில் மெல்லிய நடுக்கம். குளிரில் வருகிற நடுக்கம் மாதிரி இல்லை. மருத்துவமனையில் எந்த வார்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தாகமும் நடுக்கமும் இருக்குமென்று அவள் பார்த்திருக்கிறாள். அம்மாவின் பக்கம் திரும்பினாள். அம்மா தரையில் ஏதோ தொலைத்தவள் போலக் குனிந்திருந்தாள்.

அன்றைக்கு அவள் மேலே கேட்கவில்லை. மறுநாள் அம்மா தனியாக வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காராமல், ஜெராக்ஸ் மெஷின் பக்கத்திலேயே நின்றாள்.

"உங்கள என் கூடப் பொறந்தவளா நெனச்சுச் சொல்றேன். நான் சொன்னது அவர் காதுக்குப் போகக் கூடாது."

கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது பையன் தூங்காமலே இருந்தான். ஓயாமல் பேசினான். தன்னால் எல்லாருடைய மனசையும் படிக்க முடியுமென்றான். ஒருநாள் வீட்டுச் சுவர் முழுக்கக் கடையிலிருந்த சிவப்புப் பெயின்ட்டை அடித்துவிட்டு, நடுவில் உட்கார்ந்து அழுதான். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்றிலிருந்து காலையும் இரவும் மாத்திரை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. அதற்குப் பிறகு ஒரு குறையும் இல்லை. படித்து முடித்தான், நல்ல மதிப்பெண். அவனுக்கு மஞ்சள் காமாலை வந்திருந்ததாகத்தான் சொந்தக்காரர்களுக்குத் தெரியும்.

"மாத்திரை சாப்பிட்டா நல்லா இருக்கான் இல்ல? அப்ப போகலாம். போகக் கூடாதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க" என்றாள் பல்லக்கா. "ஆனா இன்சூரன்ஸ்ல சொல்லிடணும். சொன்னாத்தான் அங்க டாக்டரப் பாக்க முடியும், மாத்திரை வாங்க முடியும். கொஞ்சம் கூடக் கட்டச் சொல்வாங்க, அவ்வளவுதான். இங்க பாக்குற டாக்டர்கிட்ட ஒரு கடுதாசி வாங்குங்க. அங்க காலேஜ்லயே டாக்டர் இருக்காங்க, நானே எழுதி ஏற்பாடு பண்றேன்."

"எனக்குப் புரியுது. அவருக்கு நீங்கதான் சொல்லணும்."

அவள் சொன்னாள். அம்மாவைக் காட்டிக் கொடுக்காமல், கை நடுங்குவதைத் தான் பார்த்ததாகச் சொன்னாள். பெயின்ட் கடைக்காரர் எழுந்து போய் ஒடுக்கத்தின் வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"விசா வந்தாச்சு. இப்பப் போய் எழுதினா அவன் வாழ்க்கையில மண்ணைப் போட்ட மாதிரி ஆயிடாதா?"

"விசா வேற, இன்சூரன்ஸ் வேற. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைங்க."

"ஒரு எடத்துல எழுதினா நாலு எடத்துக்குப் போகும் மேடம். இன்னிக்குக் கம்பெனிக்காரன் பாப்பான், நாளைக்கு வேலை குடுக்கிறவன் பாப்பான், அதுக்கப்புறம் பொண்ணு குடுக்கிறவன் பாப்பான். என் தம்பிங்களுக்கே நான் சொல்லல. முன்ன பின்ன தெரியாதவனுக்கு எழுதிக் குடுக்கணுமா?"

அவள் விடவில்லை. குரல்கள் முன்னறைக்குப் போயிருக்க வேண்டும். மேனேஜர் எட்டிப் பார்த்தார். "அக்கா, கஸ்டமர் இல்லைன்னு சொன்னா இல்லைதானே? நமக்கு என்ன" என்றார் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தமென்று அவளுக்குத் தெரியும்.

இன்சூரன்ஸ் படிவத்தில் கையெழுத்துப் போட வந்த அன்று நெட்டையனை மாடிப்படியில் தனியாக நிறுத்தினாள்.

"தம்பி, உனக்குப் பதினெட்டு வயசு தாண்டியாச்சு. இது உன் கையெழுத்து. நீ சொன்னா நான் உள்ளபடி எழுதிடறேன்."

அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான். "எனக்கு எழுதறதுல வெக்கம் ஒண்ணும் இல்லக்கா. வந்தது வியாதி, திருட்டு ஒண்ணும் பண்ணல. ஆனா அப்பா அன்னிக்கு அட்டை விமானத்துல என் தலையப் பாத்துச் சிரிச்சாரு. அந்தச் செவத்துக்கு வெள்ளையடிச்சப்புறம் அவர் சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

அவன் உள்ளே போய், நோய் எதுவும் உண்டா என்ற இடத்தில் இல்லை என்று குறித்துக் கையெழுத்துப் போட்டான். அவள் அதை வாங்கி மற்றவற்றோடு சேர்த்துத் தைத்தாள். அன்று வரிசையில் இன்னும் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அவளால் ஆனது ஒன்றுதான். ஆறு மாதத்துக்கு மாத்திரையும் டாக்டர் கடிதமும் பெட்டியில் போகும்படி அம்மாவிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவன் போனில் தன் நம்பரைப் பதிய வைத்தாள். "தலைவலின்னாலும் கூப்பிடணும்" என்றாள். அவன் அவள் எதிரிலேயே அதைப் பல்லக்கா என்று போட்டுக் காண்பித்தான். இருவரும் சிரித்தார்கள்.

போன புதிதில் அவன் அனுப்பிய படங்கள் வந்தன. சிவந்த மரங்கள், ஆற்றுப் பாலம், தானே துவைத்து நாற்காலியில் காயப்போட்ட சட்டைகள். பிறகு குறைந்தது. பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான். பழகிவிட்டால் பல்லக்காவை மறந்துவிடுவார்கள். மறப்பதை அவள் நல்ல சகுனமாகவே எடுத்துக்கொள்வாள்.

அங்கே நடந்ததை அவள் பின்னால்தான் கோத்துத் தெரிந்துகொண்டாள். மாத்திரை தீர்ந்துகொண்டு வந்தது. புதிதாக வாங்க வேண்டுமானால் அங்குள்ள டாக்டரைப் பார்க்க வேண்டும். பார்த்தால் எத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறாய் என்று கேட்பார். சொன்னால், இல்லையென்று கையெழுத்துப் போட்டது பொய்யென்று ஆகிவிடும். படிப்பை நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அவனுக்குப் பயம். வீட்டுக்குச் சொன்னான். அப்பா கூரியரில் மாத்திரை அனுப்பினார். அது எங்கேயோ சுங்கத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. இருந்ததைப் பாதி பாதியாக உடைத்துச் சாப்பிட்டான். பிறகு அதுவும் தீர்ந்தது. அதற்குள் நல்ல குளிர்காலம்.

ஒரு காலையில், அவள் ஆபீசுக்குக் கிளம்பிப் புடவைக்கு ஊக்கு மாட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவனோடு தங்கியிருந்த பையன். நம்ம மொழிதான் பேசினான், ஆனால் வார்த்தை திக்கியது. நெட்டையன் பல நாளாகத் தூங்கவில்லை. வீட்டிலிருந்து வெறுங்காலோடு பனியில் இறங்கி நடந்துவிட்டான். ஆற்றங்கரையில் போலீஸ்காரர்கள் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். யாருக்குச் சொல்ல வேண்டுமென்று கேட்டதற்கு, பல்லக்காவுக்கு என்றிருக்கிறான். அப்பாவுக்குச் சொல்லக் கூடாது என்று கெஞ்சியிருக்கிறான்.

ஆபீசுக்குப் போகவேண்டியவள் பஸ் மாறிப் பெயின்ட் கடைக்குப் போனாள்.

கடையில் டப்பாவைக் குலுக்குகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் எதுவும் பேச முடியாது. பெயின்ட் கடைக்காரர் அவளைப் பார்த்துவிட்டார். வாடிக்கையாளர் ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தார். மெஷின் நிற்கும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். நின்றதும் அவரே டப்பாவை எடுத்து மூடியைத் தட்டி இறுக்கி, வாடிக்கையாளரிடம் கொடுத்து அனுப்பினார்.

"இருக்கானா?" என்றார்.

"இருக்கான். ஆஸ்பத்திரியில இருக்கான்."

அவள் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். வெறுங்கால் என்றதும், "ஷூ வாங்கிக் குடுத்தேனே, பனிக்குன்னு கேட்டு வாங்கிக் குடுத்தேனே" என்றார். பிறகு ஒரு பெயின்ட் வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவள் அவருடைய வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவை வரச் சொன்னாள்.

அதன் பிறகு வந்த வாரங்கள் அவளுக்கு ஓட்டமும் நடையும்தான். அப்பாவுக்குப் பாஸ்போர்ட்டே இல்லை. எடுத்து, விசா கேட்டு, அது வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அங்கே அவனுக்கென்று யாரும் கிடையாது. அவள் தான் அனுப்பிய பிள்ளைகளை ஒவ்வொருவராக யோசித்துப் பார்த்தாள். அந்த ஊருக்கு ரயிலில் போகிற தூரத்தில் ஒருத்தி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். பல்லக்கா பேசியது முழுவதையும் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்ட பெண். அதனால் கொட்டாவி என்றே பெயர். தயங்கித் தயங்கி அவளைக் கூப்பிட்டாள்.

"நல்லா இருந்த கடவாப் பல்லப் புடுங்க வச்சீங்களே, அந்தக் கோவம் எனக்கு இன்னும் இருக்கு" என்றாள் கொட்டாவி. "ஆஸ்பத்திரி பேரச் சொல்லுங்க. சனிக்கெழம போறேன்."

அவள்தான் போய்ப் பார்த்தாள், அந்தச் சனிக்கிழமையும் அதற்கடுத்த சனிக்கிழமைகளும். முதல் தடவை போனபோது நெட்டையன் அவளோடு பேசவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். அவளும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்து தன் பாடத்தைப் படித்துவிட்டு வந்தாள். கால்விரல்களில் மூன்றை எடுக்க வேண்டியிருந்தது. அந்தச் செய்தியை அம்மாவிடம் சொன்னதும் பல்லக்காதான். அம்மா, "எந்தக் கால்?" என்று கேட்டாள்.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. நோய் முன்பே இருந்தது, மறைக்கப்பட்டது, ஆகவே பணம் தர இயலாது. அந்த வாக்கியத்தை அவளால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். ஆனாலும் மேல்முறையீடு எழுதினாள். விரல் போனது பனியால், மனநோயால் அல்ல என்று எழுதினாள். உயிர் காக்கிற அவசரச் சிகிச்சைக்கு விலக்கு இருப்பதைக் காட்டி எழுதினாள். எழுதும்போதே, இதற்கு அவர்கள் என்ன பதில் தருவார்கள் என்பதும் மனதில் கூடவே வந்துகொண்டிருந்தது. அப்படியே வந்தது. பெயின்ட் கடைக்காரர் கடையின் பின்பாதியை விற்றார்.

ஒரு மாலை அவள் கணவரைக் கூட்டிக்கொண்டு, ஊர்க்கோடியில் பிள்ளைகள் பந்தாடுகிற மைதானத்துக்குப் போனாள். அன்று யாரும் ஆடவில்லை. நடுவில் போய் நின்று, "என்னால தாங்க முடியலைங்க!" என்று கத்தினாள்.

"என்ன வாங்க முடியல?"

"தாங்க முடியல! அந்தப் பையனுக்கு மனசு சரியில்லாமப் போச்சு!"

"யாருக்கு? மேனேஜருக்கா?"

அவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது. புல்லில் உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் நன்றாகக் கேட்கிற காதை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். அவள் முதலிலிருந்து சொன்னாள். நெஞ்சில் இருந்ததையெல்லாம் தொண்டை கிழியக் கத்திச் சொன்னாள். மாடிப்படியில் அவன் பேசியதையும், அவன் இல்லையென்று குறித்ததைத் தான் வாங்கித் தைத்து அனுப்பியதையும் சொன்னாள்.

"நீ எழுதச் சொன்னே. அவங்க எழுதல. அதுக்கு மேல நீ என்ன பண்ணுவே?"

"பொய்னு தெரிஞ்சு நான் அனுப்பியிருக்கக் கூடாது! முடியாதுன்னு சொல்லியிருக்கணும்!"

"சொல்லியிருந்தா?"

"வேற ஆபீசுக்குப் போயிருப்பாங்க."

"அப்புறம் என்ன?"

"போகட்டும்! என் கையால போயிருக்காது!"

இருட்டத் தொடங்கியதும் அவர் அவள் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார்.

நெட்டையனைக் கொட்டாவியே விமானத்தில் கூட்டிக்கொண்டு வந்தாள். விமான நிலையத்தில் பெயின்ட் கடைக்காரர் சலவைச் சட்டை போட்டு, முன்வரிசைக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். சக்கர நாற்காலி வெளியே வந்ததும் மகனைப் பார்க்காமல், முதலில் சுற்றி நிற்பவர்களைப் பார்த்தார். தெரிந்தவர் யாரும் இல்லை. அப்புறம்தான் ஓடிப்போய்ப் பிள்ளையின் தலையைக் கட்டிக்கொண்டார். பனியில் சறுக்கி விழுந்துவிட்டான், விபத்து என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லப்பட்டது.

சில நாள் கழித்து அவர் ஆபீசுக்கு வந்தார். முன்னறையில் புதுப் பிள்ளைகள் அட்டை விமானத்துக்கு வரிசையில் நின்றிருந்தார்கள். நேரே பின்னால் வந்து, உட்காராமல், சத்தம் போட்டார்.

"நான் பெயின்ட் கலக்குறவன். எனக்கு என்ன தெரியும்? நீங்க தெரிஞ்சவங்கதானே? இப்படி ஆகும்னு தெரியுமில்ல? அவன் கைய ஒடிச்சாவது எழுத வச்சிருக்கணுமில்ல? நான் வேண்டாம்னா விட்டுடுவீங்களா?"

ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் ஓடிவந்தார். எத்தனை தடவை சொன்னேன் என்று அவள் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் கேட்டதைத்தான் அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். கத்தி முடித்த மனிதர், அவள் தண்ணீர் பிடித்துக் கொடுத்த டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அவள் ஒரு வேலை செய்தாள். குடும்பம் எதிரே வந்து உட்கார்ந்ததும், "இதக் கொஞ்சம் கீழ கடையில கலர்ல எடுத்துட்டு வந்துடுங்களேன், நம்ம மெஷின்ல கலர் வராது" என்று பெற்றவர்களை எழுப்பிவிடுவாள். அவர்கள் படியிறங்கியதும் பிள்ளையைக் கேட்பாள். ஒரு பெண் தனக்கு வலிப்பு உண்டென்று சொன்னாள். வீட்டில் அதைப் பல்லி விழுந்த பயம் என்று மூடி வைத்திருந்தார்கள். ஒருவன் ஒரு காது கேட்காது என்றான். இன்னொருத்தி ஒன்றும் சொல்லாமல் அழுதாள், அப்பா படியேறி வரும் சத்தம் கேட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளிடமிருந்து கடைசிவரை எதுவும் வாங்க முடியவில்லை. சொன்னவர்களுக்கு உள்ளபடி எழுதினாள். இல்லையென்று பொய்யாகக் குறித்த படிவங்களைத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு மூன்று குடும்பங்கள் கோபித்துக்கொண்டு வேறு ஆபீசுக்குப் போயின. மேனேஜர் கூப்பிட்டு, "அக்கா, இப்படியே போனா உங்க மேசையவே எடுக்க வேண்டியதா இருக்கும்" என்றார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. அவளும் தலையாட்டிவிட்டு வந்து, அடுத்த குடும்பத்தைக் கீழே கடைக்கு அனுப்பினாள்.

நெட்டையனுக்கு மாதாமாதம் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. அப்பா கடையை விட்டு வரமாட்டார். அந்த மருத்துவமனை வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்னாவது என்பதுதான் உள்ளே இருந்த காரணம். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆகவே பல்லக்கா கூட்டிப் போனாள். பஸ் நிறுத்தத்திலிருந்து அவன் ஒரு பக்கமாக ஊன்றி நடந்து வருவான். அவள் நடையைத் தளர்த்திக்கொள்வாள். மாத்திரை அதிகமானதில் முகம் ஊதி, பேச்சு மெதுவாகிவிட்டிருந்தது.

ஒரு தடவை வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டான். "அக்கா, அன்னிக்கு உண்மைய எழுதியிருந்தா இந்நேரம் நான் அங்க படிச்சிட்டு இருப்பேனா?"

இல்லையென்று சொல்லலாம். எழுதியிருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம் என்று சொன்னால் அவன் மனசு கொஞ்சம் ஆறும். அவளுக்கு வாய் வரவில்லை.

"இருந்திருப்பேன்னுதான் நெனக்கிறேன் தம்பி."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றான். கோபமில்லை. உள்ளே கூப்பிட்டார்கள். சட்டைக் கையை மடித்துக்கொண்டே எழுந்து போனான்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு மாதம், வழக்கம்போல அவள் அரைநாள் லீவு போட்டுவிட்டு அவனுக்காகப் பஸ் நிறுத்தத்தில் நின்றாள். அவன் வரவில்லை. போன் எடுக்கவில்லை. வீட்டுக்கே போய்ப் பார்க்கலாமென்று திரும்பியபோது, சாலைக்கு அந்தப் பக்கம் பெயின்ட் கடைக்காரரின் ஸ்கூட்டர் போனது. பின்னால் நீளக் கால்களை மடக்கிக்கொண்டு நெட்டையன் உட்கார்ந்திருந்தான், கை அப்பாவின் தோளில். இருவரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். அப்பாவின் ஹெல்மெட்டில் முகம் முழுதும் மறைக்கிற கறுப்புக் கண்ணாடி. ஸ்கூட்டர் மருத்துவமனைத் தெருவில் திரும்பியது. அவர்கள் அவளைப் பார்த்தார்களா என்று தெரியவில்லை.

தூறல் வலுத்தது. அவள் கொஞ்ச நேரம் கூரைக்கடியில் ஒதுங்கி நின்றாள். அடுத்து வந்த பஸ் ஆபீஸ் பக்கம் போகிறது. ஏறி, ஈரமில்லாத ஓர் இருக்கையைத் தேடி உட்கார்ந்தாள்.